ப்ராஸ்டேட் புற்றுநோய்: அப்பாவையும் உட்கார வைத்துப் பேசுங்கள்

ப்ராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அதிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்த பயாப்சி ரிப்போர்ட் வந்ததும் பெரும்பாலும் மகன்தான் முதலில் உள்ளே வருவார், அப்பா வெளியே உட்கார்ந்திருப்பார். "டாக்டர், அவருக்குக் கேன்சர்னு சொல்லிடாதீங்க, யூரின் அடைப்புன்னு சொல்லி ஆபரேஷனை முடிச்சிடலாம்" என்பார். பாசத்தில் சொல்வதுதான், புரிகிறது. ஆனாலும் சிறுநீர்ப்பாதை அறுவை மருத்துவராக (யூராலஜிஸ்ட்) நான் இதற்குச் சம்மதிப்பதில்லை. ப்ராஸ்டேட் புற்று சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருக்கும் கட்டத்தில் பலருக்கும் இரண்டு மூன்று வழிகள் இருக்கின்றன. உயிரைக் காப்பாற்றுவதில் அவற்றுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது, பின்விளைவுகளில்தான் வித்தியாசம். எந்தப் பின்விளைவோடு தன்னால் காலம் தள்ள முடியும் என்பதை அவரைத் தவிர யார் சொல்ல முடியும்?

முதலில் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை. ப்ராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்ப்பது இது. அந்த எண் கூடினாலே புற்றுநோய் என்று இல்லை. ப்ராஸ்டேட் வயதில் வீங்கினாலும் கூடும், சிறுநீர்த் தொற்று இருந்தாலும், சிறுநீர் டியூப் போட்டிருந்தாலும் கூடும். இதற்கு நேர் எதிரான ஒன்றுதான் அதிகம் தவறவிடப்படுகிறது. சிறுநீர் அடைப்புக்காக டூட்டாஸ்டெரைடு அல்லது ஃபினாஸ்டெரைடு மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவர்களுக்கு பி.எஸ்.ஏ. பாதியாகக் குறைந்து தெரியும். ரிப்போர்ட்டில் 3 என்றால் உண்மையில் 6 என்று கணக்கிட வேண்டும். அதனால் பழைய மாத்திரைச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு வாருங்கள்.

சந்தேகம் இருந்தால் இப்போதெல்லாம் முதலில் எம்.ஆர்.ஐ., அப்புறம் தேவைப்பட்டால் பயாப்சி. ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று ஊரில் சொல்வதை நம்பி ஒரு வருடம் தள்ளிப் போட்டு, எலும்புக்குப் பரவிய பிறகு வருகிறவர்களைப் பார்க்கிறேன். பரவியது ஊசியால் இல்லை, தள்ளிப்போட்ட அந்த வருடத்தால்.

பயாப்சியில் க்ளீசன் ஸ்கோர் என்று ஒரு எண் வரும். 6 என்றால் சாந்தமான வகை, 8 முதல் 10 வரை வீரியமானது, 7 நடுவில், அதிலும் 3+4-ஐவிட 4+3 வீரியம் கூடியது. க்ளீசன் 6 வந்திருக்கும் பெரியவருக்கு, அதுவும் 75 தாண்டி இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் என்றால், அடுத்த வாரமே ஆபரேஷன் என்று யாராவது அவசரப்படுத்தினால் இன்னொரு மருத்துவரையும் பாருங்கள். பிரிட்டனில் ப்ரொடெக்ட் என்றொரு ஆய்வு நடந்தது. பி.எஸ்.ஏ. மூலம் ஆரம்பத்திலேயே நோய் தெரிந்த 1,643 ஆண்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள்: அறுவை, ரேடியேஷன், கண்காணிப்பு. 2023-இல் வெளியான 15 வருட முடிவில், மூன்று குழுவிலுமே ப்ராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான். கண்காணிப்பில் இருந்தவர்களில் 9.4 சதவீதம் பேருக்கு நோய் பரவியது, மற்ற இரண்டிலும் 5 சதவீதம் வாக்கில். ஆகவே கண்காணிப்பு என்றால் சும்மா விட்டுவிடுவது இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பி.எஸ்.ஏ., இடைவெளி விட்டு எம்.ஆர்.ஐ., மறுபடி பயாப்சி என்று ஒழுங்காக வர முடிகிறவருக்கு மட்டுமே அது. நம் ஊரில் தொந்தரவு வந்த பிறகுதான் பலர் வருகிறார்கள் என்பதால் இந்த எண்களை எல்லோருக்கும் பொருத்திப் பார்க்கவும் முடியாது.

அறுவை என்றால் சுரப்பியை முழுதாக எடுத்துவிடுவோம். ஒரு வாரம் பத்து நாள் டியூபும் பையும் இருக்கும். எடுத்த பிறகு இருமினால், தும்மினால், எழுந்து நின்றால் சிறுநீர் கசியும், பேட் வைக்க வேண்டியிருக்கும். சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் இடுப்புத்தளப் பயிற்சி செய்தால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் நன்றாகக் குறையும், சிலருக்கு மிச்சம் நிற்கும். ரேடியேஷனில், அதாவது கரண்ட் வைப்பதில், இந்தக் கசிவு குறைவு. ஆனால் அடிக்கடி சிறுநீர் போகும், மலம் போகும்போது எரிச்சல், சில நேரம் ரத்தம் வரலாம். முன்பு ஏழெட்டு வாரம் போக வேண்டியிருந்தது, இப்போது பலருக்கு 20 தடவையில், நான்கு வாரத்தில் முடிகிறது. நோயின் வீரியம் கூடுதலாக இருந்தால் கூடவே ஹார்மோன் ஊசியும் உண்டு.

தினமும் சாயங்காலம் கோயிலில் தேவாரம் பாடும் ஒரு பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு மணி நேரம் வேட்டி நனையாம சந்நிதியில உட்கார முடியுமா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். அவருக்கு ரேடியேஷன் என்று அந்தக் கேள்வியிலேயே முடிவாகிவிட்டது. இன்னொருவர், லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறவர், "உள்ள இருக்குதுன்னு தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வராது, எடுத்துடுங்க" என்றார். சில மாதம் பேட் வைத்துக்கொண்டே கடையில் உட்கார்ந்தார், வருத்தப்படவில்லை. இரண்டும் சரியான முடிவுகள்தான். மகன்கள் முடிவெடுத்திருந்தால் இரண்டு வீட்டிலும் ஒரே வைத்தியம், அனேகமாக ரோபோ ஆபரேஷன், நடந்திருக்கும். ரோபோ கெட்டதில்லை, ஆனால் அதை இயக்குகிறவர் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்பதே முக்கியம், அதைத் தயங்காமல் கேளுங்கள். முடிவெடுக்கும் முன் ரேடியேஷன் மருத்துவரையும் தனியாகப் பாருங்கள். அறுவை செய்கிற எங்களுக்கு அறுவைதான் முதலில் தோன்றும்.

தாம்பத்தியம் பற்றி யாரும் கேட்பதில்லை. மகனும் மருமகளும் பக்கத்தில் நின்றால் எந்த அப்பா கேட்பார்? கொஞ்ச நேரம் வெளியே இருங்கள் என்று அவர்களை அனுப்பிவிட்டு, மனைவி இருந்தால் அவரை மட்டும் வைத்துக்கொண்டு நானாகவே பேச்செடுப்பேன். 68 வயதுக்காரர் தலையைக் குனிந்தபடி, மெதுவாக, மூன்று நான்கு கேள்வி கேட்பார். அறுவைக்குப் பிறகு விறைப்பு உடனே குறையும், நரம்பைக் காப்பாற்ற முடிந்தால் ஓரளவு திரும்பலாம். ரேடியேஷனில் வருடங்கள் போகப் போகக் குறையும். மாத்திரைகள் இருக்கின்றன, வேறு வழிகளும் இருக்கின்றன. இதைக் கேட்டபின் முடிவை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு.

நோய் எலும்புக்குப் போய்விட்டவர்களுக்கு ஆண் ஹார்மோனைக் குறைப்பதுதான் அடிப்படை. 1941-இலேயே சார்ல்ஸ் ஹக்கின்ஸ் இதைக் காட்டினார், 1966-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. மாதம் அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, இல்லையென்றால் விரைகளை எடுக்கும் சின்ன ஆபரேஷன். பலனில் இரண்டும் ஏறக்குறைய சமம். செலவும் பயணமும் முடியாத விவசாயிக்கு ஆபரேஷன் நல்ல வழி, ஆனால் திரும்ப வைக்க முடியாது என்பதை அவரிடம் சொல்லி, அவர் வாயால் சரி என்று கேட்டபின்தான் செய்ய வேண்டும். கூடவே ஆண் ஹார்மோனை இன்னும் அடக்கும் அபிரட்டரோன் போன்ற மாத்திரை சேர்த்தால் ஆயுள் கூடுகிறது என்று 2017-இல் வந்த ஆய்வுகள் காட்டின. ஆண் ஹார்மோன் குறைவதால் உடம்பில் திடீர்ச் சூடு, தசை இளைப்பு, எலும்புத் தேய்மானம், சர்க்கரை ஏறுவது எல்லாம் வரலாம். அதைச் சமாளிக்கத் தினமும் நடை, கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சி, கால்சியம், வைட்டமின் டி. முதுகு வலியோடு கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் நின்றாலோ அன்றைக்கே, ராத்திரி ஆனாலும், ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். முதுகெலும்புக்குப் பரவிய புற்றால் தண்டுவடம் அழுந்தினால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

அப்பாவிடம் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. அவருக்கு இந்த நோய் என்றால் தம்பிகளுக்கும் மகன்களுக்கும் வாய்ப்பு கூடுதல். 45 வயதிலேயே அவர்கள் பி.எஸ்.ஏ. பார்ப்பது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். குடும்பத்தில் பெண்களுக்கு இளம் வயதில் மார்பக, சினைப்பைப் புற்று வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், பிராக்கா (BRCA) என்ற மரபணுவில் வரும் கோளாறு அந்தப் புற்றுகளுக்கும் ப்ராஸ்டேட் புற்றுக்கும் பொது.