குர்குமின் காப்ஸ்யூல்: புட்டியில் இருப்பது எவ்வளவு, இரத்தத்தில் சேர்வது எவ்வளவு?

மருத்துவமனை மருந்தகத்தில் பணிபுரியும் என்னிடம் மூட்டுவலிக்காக மஞ்சள் காப்ஸ்யூல் பற்றி விசாரிப்பவர்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று புட்டிகளின் படங்களைக் கைப்பேசியில் காட்டி, எதில் மில்லிகிராம் அதிகம் என்றுதான் கேட்கிறார்கள். அந்த ஒப்பீடு அநேகமாகப் பயனற்றது. "500 மி.கி." என்ற ஒரே எண்ணுக்குக் கீழே மூன்று வெவ்வேறு பொருள்கள் இருக்கக்கூடும். வெறும் மஞ்சள் கிழங்குத் தூள் என்றால் அதில் மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினும் அதன் உறவுச் சேர்மங்களும் சேர்ந்து ஏறக்குறைய 3 சதவீதம், அதாவது 15 மி.கி. அளவுதான் இருக்கும். "95% சாறு", அதாவது இந்தச் சேர்மங்கள் 95 சதவீதம் ஆகும்வரை செறிவூட்டியது என்றால் 475 மி.கி. இருக்கும். லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளுடன் பிணைத்த வகையென்றால் சுமார் 100 மி.கி. இருக்கும், ஆனால் இரத்தத்தில் சேர்வது என்று பார்த்தால், இந்த 100 அந்த 475-ஐ முந்திவிடலாம்.

குர்குமின் தண்ணீரில் ஏறக்குறைய கரையவே கரையாது. கரையாத துகள் குடற்சுவரைக் கடக்க முடியாமல் பெரும்பகுதி மலத்துடன் வெளியேறிவிடுகிறது. அது மட்டுமே தடை என்றால் கரைய வைத்தால் போதும். ஆனால் கரைந்த குர்குமினுக்கும் நிலைப்புத்தன்மை குறைவு. சிறுகுடலில் உள்ளது போன்ற நடுநிலை அல்லது இலேசான காரச் சூழலில், புரதமோ கொழுப்போ துணையில்லாத வெறும் கரைசலில், அது அரை மணி நேரத்துக்குள் பெருமளவு சிதைந்துவிடும். அதையும் தாண்டி உள்ளே நுழைவதைக் குடற்சுவரிலும் ஈரலிலும் உள்ள நொதிகள் உடனடியாகக் குளுக்குரோனிக் அமிலத்துடனோ சல்பேட்டுடனோ இணைத்து, வெளியேற்றுவதற்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன. 2 கிராம் குர்குமினைத் தனியாக விழுங்கிய ஆரோக்கியமானவர்களின் இரத்தத்திலும் அது கண்டறிய முடியாத அளவிலோ மிகச் சொற்பமாகவோதான் இருந்தது என்பதற்கு இதுவே காரணம்.

காசு செலவில்லாத வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் வெறும் வயிற்றில் வெந்நீருடன் விழுங்குவதுதான் இருப்பதிலேயே மோசமான முறை. பலர் அதைத்தான் நல்ல பழக்கம் என்று கடைப்பிடிக்கிறார்கள். கொழுப்புள்ள உணவு குடலுக்குள் வரும்போதுதான் பித்தப்பை சுருங்கிப் பித்தத்தைக் குடலுக்குள் வெளியேற்றுகிறது. பித்த உப்புகளும் செரித்த கொழுப்பும் சேர்ந்து உருவாக்கும் நுண்திவலைகளுக்குள் குர்குமின் போன்ற பொருள்கள் ஏறிக்கொண்டு குடற்சுவரை அடைகின்றன. ஆகவே எண்ணெயோ நெய்யோ சேர்ந்த மதிய உணவு முடிந்தவுடன் எடுத்துக்கொள்வது நல்லது. சாம்பிராணி வகை மரங்களின் பிசினான பாஸ்வெல்லியாவுக்கும், கண்ணுக்காக எடுக்கும் லூட்டீனுக்கும் இதே விதி பொருந்தும். மஞ்சளும் மிளகும் தட்டிப்போட்ட பாலை ஆடை நீக்காமல் குடிக்கச் சொன்ன பாட்டிமார்களின் கைப்பக்குவம் இந்த விஷயத்தில் சரியாகத்தான் இருந்தது.

மிளகைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினுடன் மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மி.கி. சேர்த்துக் கொடுத்தபோது, அது இரத்தத்தில் கிடைக்கும் அளவு 2,000 சதவீதம் உயர்ந்ததாக வெளியிட்டார்கள். இன்று விற்பனையாகும் "மிளகு சேர்த்த" புட்டிகள் அனைத்தின் விளம்பரமும் இந்த ஒற்றை எண்ணிலிருந்து கிளைத்ததுதான். அது ஒரு சிறிய ஆய்வு என்பதையும், உயர்வு காணப்பட்டது விழுங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் என்பதையும், எலிகளிடம் அதே சேர்க்கை தந்த உயர்வு 154 சதவீதம் மட்டுமே என்பதையும் எந்தப் புட்டியும் சொல்வதில்லை.

பைப்பரின் குர்குமினைக் கரைய வைப்பதில்லை. மேலே சொன்ன இணைப்பு நொதிகளையும், ஈரலிலும் குடலிலும் மருந்துகளைச் சிதைக்கும் வேறு சில நொதிகளையும், உள்ளே நுழைந்ததைத் திரும்பக் குடலுக்கே தள்ளும் ஒரு கடத்திப் புரதத்தையும் அது மந்தப்படுத்துகிறது. நோக்கத்தோடு செய்தால் இது பயனுள்ள உத்தியே. திரிகடுகத்தில் மிளகும் திப்பிலியும் இடம்பெற்றிருப்பதைக் கவனித்து ஜம்முவில் நடந்த ஆய்வுகளின் தொடர்ச்சியாக, காசநோய்க்கான ரிஃபாம்பிசின் 450 மி.கி. செய்யும் வேலையை 200 மி.கி.-யே செய்யும்படி, 10 மி.கி. பைப்பரின் சேர்த்த கூட்டு மருந்து இந்தியாவில் வெளிவந்தது.

ஆனால் நொதிகளுக்கு ஆள் தெரியாது. குர்குமினுக்காகத் தளர்த்திய காவல், அதே நாளில் விழுங்கும் மற்ற மாத்திரைகளுக்கும் தளர்ந்தே இருக்கும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், இரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால், மூச்சிரைப்புக்கான தியோஃபிலின் ஆகியவற்றின் இரத்த அளவைப் பைப்பரின் உயர்த்துவது மனிதர்களிடமே அளந்து காட்டப்பட்டுள்ளது. ஃபெனிட்டாயினைப் பொறுத்தவரை மருந்தளவுக்கும் நச்சளவுக்கும் இடையிலான தூரம் மிகக் குறைவு. "ரசத்தில் தினமும் மிளகு சேர்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், 20 மி.கி. பைப்பரின் அரை கிராம் மிளகுக்குள் அடங்கிவிடும். ரசம் பல ஆண்டுகளாக உணவில் இருக்கும்போதே மருத்துவர் உங்கள் மருந்தளவை நிர்ணயித்திருக்கிறார். திடீரென்று தினமும், அதுவும் மாத்திரை நேரத்திலேயே கூடுதலாக வந்து சேரும் காப்ஸ்யூலை அவர் அறிந்திருக்க வழியில்லை.

மிளகில்லாத வேறு வழிகளும் இருக்கின்றன. துகளை நுண்ணளவுக்குப் பொடிப்பதால் பரப்பு கூடி, கரையும் வேகம் கூடுகிறது. லெசித்தினுடன் பிணைப்பது இத்தாலியில் வளர்ந்த முறை. ஈரலுக்காகத் தரும் சிலிமரினிலும் அதே உத்தி உண்டு. எண்ணெய்த் திவலைகளாகவே அடைப்பது, மஞ்சளின் வாசனை எண்ணெயைத் திரும்பச் சேர்ப்பது, வெந்தய நாரில் பொதிவது என்று இன்னும் பல. இவற்றில் பின்னிரண்டைக் கேரள நிறுவனங்கள் உலகச் சந்தைக்குக் கொண்டு சென்றிருக்கின்றன.

ஒவ்வொன்றும் ஏழு மடங்கு, இருபத்தேழு மடங்கு, நூற்றெண்பத்தைந்து மடங்கு என்று அறிவிக்கிறது. இந்த மடங்குக் கணக்கை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஒப்பிடப்படுவது ஏறக்குறைய ஒன்றுமே உறிஞ்சப்படாத வெறும் தூளுடன்; பூச்சியத்துக்கு மிக நெருக்கமான எண்ணால் வகுத்தால் விடை எவ்வளவு பெரிதாகவும் வரும். மேலும் பல ஆய்வுகளில், எடுத்த இரத்தத்தை ஒரு நொதியால் பதப்படுத்தி, உடல் இணைத்து ஒதுக்கிவைத்த குர்குமினையும் பிரித்தெடுத்துச் சேர்த்தே எண்ணுகிறார்கள். இணைப்பில்லாத குர்குமின் தனியாக எவ்வளவு என்று பார்த்தால், பெருமை பேசும் பல எண்கள் சுருங்கிவிடும். நான் கேட்பது இரண்டே கேள்விகள்: ஒரு காப்ஸ்யூலில் உண்மையான குர்குமின் எத்தனை மி.கி.? அதே தயாரிப்பை நோயாளிகளுக்குக் கொடுத்து வலி குறைந்ததா என்று பார்த்திருக்கிறார்களா?

உறிஞ்சுதல் கூடினால் பயன் மட்டும்தான் கூடும் என்று நினைப்பது ஆபத்தானது. ஐரோப்பாவில் குர்குமினுக்கு ஏற்கப்பட்டுள்ள தினசரி அளவு உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி.; 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மி.கி. இந்த வரம்பு, எளிதில் உறிஞ்சப்படும் புதிய வடிவங்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டதன்று. 2019-இல் இத்தாலியில் மஞ்சள் துணையுணவுகளுடன் தொடர்புடைய ஈரல் அழற்சி பலருக்கு வந்து அரசு எச்சரிக்கை விடுத்தது. அமெரிக்காவில் 2022-இல் வெளியான ஒரு தொகுப்பில் மஞ்சளால் ஈரல் பாதிக்கப்பட்ட 10 பேரில் 7 பேரிடம் ஒரே மரபணு வகை காணப்பட்டது, ஒருவர் இறந்தார். 2023-இல் ஆஸ்திரேலிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பும், உறிஞ்சுதல் கூட்டப்பட்ட தயாரிப்புகளை அதிக அளவில் எடுத்தால் ஆபத்து கூடலாம் என்று குறிப்பிட்டு அறிவிப்பு வெளியிட்டது. சமையல் மஞ்சளுக்கு இந்த அச்சம் தேவையில்லை.

பித்தப்பைக் கல் உள்ளவர்கள் இந்தக் காப்ஸ்யூல்களைத் தவிர்க்க வேண்டும்; குர்குமின் பித்தப்பையைச் சுருங்கச் செய்யும். இரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபரின் அல்லது குளோப்பிடோகிரெல் எடுப்பவர்களும், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் டாக்ரோலிமஸ் எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் தொடக்கூடாது. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால், இதையும் எடுத்துவருவதாக மயக்க மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் இரண்டையும் ஒரே வேளையில் விழுங்க வேண்டாம். குர்குமின் இரும்பைப் பிணைத்துக்கொள்ளும். எடுக்கத் தொடங்கிய சில வாரங்களிலோ மாதங்களிலோ சிறுநீர் அடர்நிறமாவது, கண் மஞ்சளிப்பது, காரணமற்ற அரிப்பு, பசியின்மை, மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் அன்றே நிறுத்திவிட்டு ஈரல் செயல்பாட்டுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். போகும்போது புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். "ஏதோ இயற்கை மருந்து" என்று மட்டும் சொன்னால், அதில் பைப்பரின் இருந்ததா, எந்த வடிவக் குர்குமின் என்பதை மருத்துவரால் ஊகிக்க முடியாது.