நோய் முனைப்புச் சுட்டெண்

பெருங்குடல் புண் அழற்சி உள்ள குழந்தைகளின் மருத்துவக் குறிப்பில் ‘பியுசிஏஐ 40’ என்பதுபோல ஓர் எண் இருக்கும். ‘பீடியாட்ரிக் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஆக்டிவிட்டி இண்டெக்ஸ்’ என்பதன் சுருக்கம் அது. டான் டர்னரும் உடன் ஆய்வாளர்களும் 2007-இல் வெளியிட்ட அளவுகோல். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

‘இண்டெக்ஸ்’ லத்தீன் சொல். சுட்டிக்காட்டுவது, ஆள்காட்டி விரல் என்று பொருள். நமக்கும் அது சுட்டுவிரல்தான். தமிழ்நாட்டு விலைவாசிச் செய்திகளில் ‘குறியீட்டெண்’ என்று வரும், இலங்கையில் ‘சுட்டெண்’. இலங்கை வழக்கே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

‘ஆக்டிவிட்டி’க்குத்தான் யோசிக்க வேண்டும். ‘செயல்பாடு’ அகராதிப்படி சரி. ஆனால் சிறுநீரகச் செயல்பாடு, கல்லீரல் செயல்பாடு என்று உறுப்புகளின் நலத்தைச் சொல்லிப் பழகிய சொல் அது. ‘தீவிரம்’ வேறு விஷயம். நோய் எவ்வளவு தூரம் பரவியது, இதுவரை என்ன சேதம் செய்தது என்பதெல்லாம் அதில் சேரும். இங்கே கேள்வி ஒன்றே: இப்போது, இந்த இரண்டு நாளில், அழற்சி எவ்வளவு மூண்டிருக்கிறது? (அழற்சியின் வேரே அழல், அதாவது நெருப்பு.) அதனால் ‘முனைப்பு’ என்பேன்.

இந்த எண்ணுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டாம், குழாய் விட்டுப் பார்க்கவும் வேண்டாம். வயிற்றுவலி, மலத்தில் ரத்தம், மலத்தின் இளக்கம், ஒரு நாளில் எத்தனை முறை, இரவில் அதற்காக எழுகிறதா, வழக்கமான ஓட்டம் ஆட்டம் குறைந்ததா என்று ஆறு கேள்விகள். மொத்தம் 85 புள்ளி, அதில் ரத்தத்துக்கு மட்டும் 30 வரை. 10-க்குக் கீழே இருந்தால் தணிவு, 34 வரை லேசு, 64 வரை நடுத்தரம், 65-லிருந்து கடுமை. 20 புள்ளியாவது இறங்கினால் சிகிச்சை பலன் தருகிறது என்று கொள்வார்கள். மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியாக ஸ்டீராய்டு கொடுக்கும்போது மூன்றாம் நாளும் 45-க்கு மேல் நின்றால், அடுத்த மருந்துக்கு ஆயத்தமாகிவிடுவார்கள்.

இவ்வளவும் குழந்தையின் வாயிலிருந்துதான் வர வேண்டும். பத்து, பன்னிரண்டு வயதில் கழிவறை சமாச்சாரம் பேசப் பிள்ளைகள் கூசுவார்கள். அம்மா அப்பாவிடமே ரத்தத்தை மறைப்பதும் உண்டு. “ராத்திரி மோஷன் போக எழுந்திரிக்கிறியாம்மா?” என்று வீட்டுப் பேச்சிலேயே, அவசரமில்லாமல் கேட்க வேண்டும். பதில் பிசகினால் எண்ணும் பிசகும், மருந்தின் அளவும் பிசகும்.

குடலில் அழற்சி உண்டாக்கும் இன்னொரு நாள்பட்ட நோயான கிரோன் நோய்க்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு 1991-இலேயே ‘பிசிடிஏஐ’ என்ற தனிச் சுட்டெண் வந்துவிட்டது. அதில் ரத்தப் பரிசோதனையோடு குழந்தையின் எடையும் உயரமும் புள்ளியில் சேரும். கிரோன் நோயில் வயிற்றுப்போக்கே இல்லாமல், பிள்ளையின் வளர்ச்சி மட்டும் தடைபடுவது உண்டு.