பழைய சொகுசு எஸ்.யு.வி. வாங்கும் முன் எம்.ஓ.டி. வரலாற்றைப் படிப்பது எப்படி

"பன்னிரண்டு மாச எம்.ஓ.டி. இருக்கு, ஒரு அட்வைசரிகூட இல்லை." பிரிட்டனில் பழைய கார் பார்க்கப் போனால் விற்பவர் வாயிலிருந்து முதலில் வருவது பெரும்பாலும் இதுதான். எம்.ஓ.டி. என்பது அங்கே வண்டிகளுக்கு வருடா வருடம் நடக்கும் கட்டாயப் பாதுகாப்புச் சோதனை; அட்வைசரி என்பது அதில் சோதகர் எழுதும் எச்சரிக்கைக் குறிப்பு. புதிதாக இருந்தபோது ஏறிட்டுப் பார்க்கவே தயங்கிய ரேஞ்ச் ரோவரோ பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5-ஓ, பத்து வயதாகி, ஒரு சாதாரணப் புதுக் காரைவிடக் குறைந்த விலையில் எதிரே நிற்கும்போது, இதைக் கேட்டதும் மனசு பாதி முடிவு செய்துவிடும். ஆனால் அந்தச் சான்றிதழ் வண்டியின் நம்பகத்தன்மைக்குக் கொடுக்கப்பட்டது அல்ல. சோதனை நடந்த அன்று, சட்டம் கேட்கும் குறைந்தபட்ச பாதுகாப்பு வண்டியில் இருந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

எம்.ஓ.டி. என்ற பெயர் பழைய போக்குவரத்து அமைச்சகத்தின் சுருக்கம். சோதனை 1960-ல் தொடங்கியபோது பத்து வயதுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும்தான். 1967-ல் அது மூன்று வயதாக இறங்கியது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் இன்றும் அதே மூன்று ஆண்டுக் கணக்குதான். அதன் பிறகு வருடா வருடம். வட அயர்லாந்தில் நான்கு வயதில் தொடங்குகிறது, அங்கே கராஜில் இல்லாமல் அரசு மையத்தில் சோதிக்கிறார்கள். மற்ற பகுதிகளில் அனுமதி பெற்ற கராஜ்கள் செய்கின்றன, டி.வி.எஸ்.ஏ. என்ற அரசு முகமை மேற்பார்வை பார்க்கிறது. காருக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு. குறைத்து வாங்கலாம், கூட்டி வாங்கக் கூடாது.

2018 மே 20-லிருந்து குறைகளைத் தரம் பிரித்து எழுதுகிறார்கள். 'டேஞ்சரஸ்' என்று வந்தால் பழுது பார்க்கும் வரை வண்டியைச் சாலையில் எடுக்கவே கூடாது. மீறினால் 2,500 பவுண்டு வரை அபராதம், லைசன்ஸில் 3 புள்ளி, ஓட்டும் உரிமையே போகவும் வாய்ப்பு உண்டு. 'மேஜர்' என்றாலும் பெயில்தான். 'மைனர்' பாஸ், ஆனால் சீக்கிரம் சரிசெய்ய வேண்டும். 'அட்வைசரி' என்பது இன்று குறை இல்லை, நாளை ஆகலாம் என்று சோதகர் எழுதி வைக்கும் குறிப்பு. வாங்குபவருக்குத் தங்கம் என்றால் இந்தக் கடைசி வகைதான்.

இப்போது சோதனைக்குள் வராதவற்றைப் பாருங்கள். எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் நிலை எம்.ஓ.டி.யில் பார்க்கப்படுவதில்லை. அரசு இணையதளத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதாவது, சொகுசு எஸ்.யு.வி.யில் பையைக் காலி செய்யும் பெரிய செலவுகளில் பாதி இந்தச் சோதனைக்கு வெளியே நிற்கின்றன. எஞ்சினுக்குள் இருக்கும் டைமிங் செயின் சத்தம் போடலாம், ஆட்டோமேட்டிக் கியர் மாறும்போது உதறலாம், ஏசி செத்துக் கிடக்கலாம், பாஸ் கிடைத்துவிடும். எண்ணெய்க் கசிவுக்கும் அளவு வைத்திருக்கிறார்கள்: எஞ்சின் ஓடும்போது ஐந்து நிமிடத்துக்குள் தரையில் 75 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான தேக்கம் உண்டாக்கும் கசிவுதான் பெயில். அதற்குக் குறைவாகச் சொட்டினால் அட்வைசரியோடு போய்விடும். ஒரு டீ கோப்பையின் வாயளவு எண்ணெய். உங்கள் வீட்டு வாசலில் அது தேங்கினால் 'அதிகமில்லை' என்று நீங்கள் சொல்வீர்களா?

இன்னொன்று, சோதகர் எதையும் கழற்றிப் பார்க்கக் கூடாது. பெரிய எஸ்.யு.வி.களின் அடிப்பக்கம் முழுக்க பிளாஸ்டிக் கவசம் மூடியிருக்கும். அதனால்தான் பல சான்றிதழ்களில் 'அண்டர்டிரே இருப்பதால் சில பாகங்களைப் பார்க்க முடியவில்லை' என்ற வரி வருகிறது. இதைக் குறை என்று நினைத்துப் பயப்படவும் வேண்டாம், வெறும் சடங்கு என்று தள்ளவும் வேண்டாம். அந்தக் கவசத்துக்குப் பின்னால் இருப்பதை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். துரு அங்கேதான் குடியிருக்கும்.

அப்படியானால் இதனால் என்ன பயன் என்று கேட்டால், பயன் ஒரு சான்றிதழில் இல்லை, வரிசையாக எல்லாவற்றையும் படிப்பதில் இருக்கிறது. அரசு இணையதளத்தில் வண்டியின் பதிவெண்ணை மட்டும் போட்டால் 2005-லிருந்து நடந்த சோதனைகள் எல்லாம் இலவசமாக விரியும் (வட அயர்லாந்து வண்டி என்றால் 2017-லிருந்து). ஒவ்வொரு சோதனை நாளின் மைலேஜும், பெயிலானால் எதனால் என்பதும் இருக்கும். எந்தக் கராஜில் நடந்தது என்று பார்க்க மட்டும் வண்டியின் பதிவு ஆவணமான லாக்புக்கில், அதாவது வி5சி-யில், உள்ள 11 இலக்க எண் வேண்டும். லாக்புக்கைக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேசுவதே வீண்.

போன வருடம் என் மச்சானுக்காக ஏழு இருக்கை வண்டி ஒன்றைப் பார்க்கப் போனோம். கறுப்பு நிறம், உள்ளே கிரீம் தோல், கண்ணாடி போல மின்னியது. அன்றைய சான்றிதழ் சுத்தம். பார்க்கிங்கிலேயே நின்று போனில் பழையதைத் திறந்தேன். மூன்று வருடத்துக்கு முன்: முன் சஸ்பென்ஷன் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையின் ரப்பர் இணைப்பு) தேய்ந்திருக்கிறது, அட்வைசரி. அடுத்த வருடம் அதே வரி, கூடவே முன் டயர் இரண்டும் உள்விளிம்பில் தேய்வு. அதற்கடுத்த வருடம் டயரில் பெயில். இரண்டு நாளில் மறுசோதனை, பாஸ். புஷ் பற்றிய வரி அப்படியே. அன்றைய சான்றிதழில் எதுவுமே இல்லை. இடையில் ஒரு வருடம் வண்டி ஓடியது வெறும் 400 மைல்.

இதைக் கதையாகப் படியுங்கள். புஷ் தேய்ந்து சக்கரம் கோணியிருக்கிறது, அதனால் டயர் உள்பக்கம் தின்றிருக்கிறது. உடைமையாளர் காரணத்தை விட்டுவிட்டு டயரை மாற்றியிருக்கிறார். 400 மைல் வருடம் என்றால் வண்டி எங்கோ நின்றிருக்கிறது, எதனாலோ. கடைசியில் அட்வைசரி மறைந்ததற்கு இரண்டே காரணம்: வேலை செய்திருக்கிறார்கள், இல்லையென்றால் அந்தச் சோதகர் எழுதவில்லை. "புஷ் மாத்தின பில் இருக்கா?" என்று கேட்டோம். இல்லை. கிளம்பிவிட்டோம். மச்சானுக்கு இன்றும் அந்த கிரீம் தோல் மேல் ஒரு ஏக்கம்.

திரும்பத் திரும்ப வரும் அட்வைசரியைத்தான் நான் முதலில் தேடுவேன். ஒரே புகார் மூன்று வருடம் தொடர்ந்தால், அந்த ஆள் சர்வீஸையும் அப்படித்தான் செய்திருப்பார் என்று வைத்துக்கொள்ளலாம். மாறாக, பல்பு எரியவில்லை, வைப்பர் ரப்பர் கிழிந்திருக்கிறது என்று பெயிலானதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. சான்றிதழில் வரும் 'நியர்சைடு' என்பது நடைபாதை ஓரப் பக்கம், அதாவது இடது; 'ஆஃப்சைடு' வலது. மைலேஜ் ஒரு வருடம் குறைந்து காட்டினால் உடனே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம், சோதகர் தப்பாக அடித்திருக்கவும் கூடும்; முன்னும் பின்னும் உள்ள எண்களோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

இந்த வகை வண்டிக்கே உரிய சில வரிகள் உண்டு. இரண்டு டன்னுக்கு மேல் எடை இருப்பதால் பிரேக் டிஸ்க், பால் ஜாயின்ட், புஷ் எல்லாம் சீக்கிரம் தேயும். அதற்கான அட்வைசரி வருவது இயல்பு, மாற்றிய பில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஏர் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை, உள்ள வண்டியில் காற்று கசியும் சத்தம் கேட்டாலே பெயில். ஆனால் இரவு முழுக்க நின்று காலையில் ஒரு மூலை தாழ்ந்திருக்கும் மெதுவான கசிவு சோதனையில் மாட்டாமல் போகலாம். அதனால் விற்பவர் எஞ்சினை ஓட்டுவதற்கு முன்பே போய் நின்று வண்டி மட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள். டீசல் என்றால் டி.பி.எஃப். எனப்படும் புகை வடிகட்டி. அது பொருத்தப்பட்ட வண்டியில் கண்ணுக்குத் தெரியும் புகை எந்த நிறத்தில் வந்தாலும் மேஜர், வடிகட்டியை எடுத்துவிட்டிருந்தாலும் மேஜர். பழைய சோதனை எதிலாவது புகையில் பெயிலாகியிருந்தால் கவனமாக இருங்கள். வடிகட்டி அடைபடும்படி டவுனுக்குள்ளேயே குட்டி குட்டிப் பயணம் ஓடிய வண்டியாக இருக்கலாம்.

எந்த மாடல் எவ்வளவு சதவீதம் பாஸ் என்ற பட்டியல்களும் சுற்றி வரும். அரசே பெயர் நீக்கிய சோதனைத் தரவுகளை வெளியிடுவதால் யாரும் கணக்குப் போடலாம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. முதல் உடைமையாளர் கம்பெனி சர்வீஸில் வைத்திருந்த வண்டியும், நான்காவது கையில் டயருக்குப் பணமில்லாமல் ஓடும் அதே வண்டியும் அந்தப் பட்டியலில் ஒரே வரிசையில்தான் வரும். உங்கள் முன்னால் நிற்கும் பதிவெண்ணின் வரலாறு அதைவிட எவ்வளவோ மேல்.

எம்.ஓ.டி. வரலாறு சொல்லாதவையும் உண்டு. வண்டி மேல் கடன் பாக்கி இருக்கிறதா, விபத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிட்ட வண்டியா என்பதற்கெல்லாம் காசு கட்டித் தனியாகப் பார்க்க வேண்டும். டீலரிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள வண்டியை முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். தனிநபரிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. சொன்ன விவரமும் வண்டியும் பொருந்த வேண்டும், அவ்வளவே. சாலைக்குத் தகுதியில்லாத வண்டியை விற்பது யாராக இருந்தாலும் குற்றம்தான்.

அப்புறம், வாங்கியவுடன் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். எம்.ஓ.டி. வண்டியோடு வரும், வரி வராது. பழையவர் கட்டிய சாலை வரி கை மாறியதும் முடிந்துவிடும். உங்கள் பெயரில் புதிதாகக் கட்ட வேண்டும், அதற்கு எம்.ஓ.டி. காலாவதியாகாமல் இருக்க வேண்டும். இன்சூரன்ஸையும் வரியையும் விற்பவர் வாசலில் நின்றபடியே போனில் முடித்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.