'ஹெவி' எந்தச் சொல்லோடு சேரும்?

யாங்கோனில் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். வேலைக்குப் போகும் வயதில் உள்ளவர்களின் எழுத்தில் நான் மிகுதியாகத் திருத்துவது காலப் பிழைகளை அல்ல. நன்கு தெரிந்த பெயரடையைச் சேராத சொல்லோடு சேர்த்துவிடும் பிழையைத்தான்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாணவி தம் விடுப்புக் கடிதத்தில் காய்ச்சலை 'ஹெவி ஃபீவர்' என்றும், மழையை 'பிக் ரெயின்' என்றும் எழுதியிருந்தார். கடும் காய்ச்சல், கடும் மழை, கடும் குளிர், கடுங்காப்பி என்று நமக்கு ஒரே அடை போதும். ஆங்கிலத்திலோ காய்ச்சலுக்கு 'ஹை', மழைக்கு 'ஹெவி', குளிருக்கு 'பிட்டர்', பால் சேராத காப்பிக்கு 'பிளாக்'. சாயம் இறங்கிய தேநீரை 'ஸ்ட்ராங் டீ' என்பார்களேயன்றி 'ஹெவி டீ' என்பதில்லை. ஏன் என்று கேட்டால் வழக்கு என்பதே விடை. அடைமழை என்கிற நாம் அடைவெயில் என்று சொல்வதில்லையே! இந்தச் சேர்க்கையை மொழியியலில் முதன்மைப்படுத்திய ஜே. ஆர். ஃபர்த், 1934இல் தமிழ் ஒலிப்பைப் பற்றியும் எழுதியவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

சேர்க்கை சரியாக இருந்தாலும் இடம் மாறினால் பொருள் கெடும். விடுதி ஒன்றில் வரவேற்புப் பணியில் இருந்த என் மாணவர், ஓயாமல் புகைபிடிக்கும் விருந்தினரைப் பற்றி, 'தி ஸ்மோக்கர் இஸ் ஹெவி' என்று பணிக்குறிப்பேட்டில் எழுதிவிட்டார். அவர் பருமனானவர் என்று மேலாளர் புரிந்துகொண்டு, விருந்தினரை இப்படியா எழுதுவது என்று கடிந்துகொண்டார். 'ஹெவி ஸ்மோக்கர்' என்பதில் அடை மனிதரின் எடையைச் சொல்வதில்லை, புகைக்கும் அளவைச் சொல்கிறது. ஆகவே அது பெயருக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். 'ஹெவி ஸ்லீப்பர்' என்பதும் அப்படியே. ஆனால் 'தி ரெயின் இஸ் ஹெவி', 'தி டிராஃபிக் இஸ் ஹெவி' என்று தாராளமாக எழுதலாம், 'தி ரோட் இஸ் ஹெவி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஏனெனில் அங்கே மிகுந்திருப்பது வண்டிகள், சாலை அல்ல.

வினையாக மாற்றிப் பார்ப்பது நல்ல சோதனை. 'ஹி ஸ்மோக்ஸ் ஹெவிலி', 'இட் ரெயின்ட் ஹெவிலி' என்று மாறினால், அந்த 'ஹெவி' அளவையோ வேகத்தையோ குறிக்கிறது. 'ஹெவி பாக்ஸ்' அப்படி மாறாது. அது வெறும் எடைதான்.

ஆகவே என் மாணவர்களிடம் 'ஹெவி என்றால் கனமான' என்று குறிப்பேட்டில் எழுத வேண்டாம் என்கிறேன். 'ஹெவி ரெயின்' என்று இரண்டு சொற்களையும் ஒன்றாகவே எழுதிக்கொள்ளுங்கள். ஐயம் வந்தால், சொற்சேர்க்கை அகராதியில் 'ஹெவி'யைத் தேடாமல் 'ரெயின்' என்ற பெயர்ச்சொல்லின் கீழ்ப் பாருங்கள்; அதனோடு சேரும் அடைகள் அங்கேதான் வரிசையாக இருக்கும்.