லாண்டட், பி.ஆர்., வதிவுரிமை: ஒரு சொல்லும் அதன் கட்டணமும்

ரொறன்ரோவுக்கு 1990களில் வந்து சேர்ந்த தமிழர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கால் மணி நேரத்துக்குள் ‘லாண்டட்’ என்ற சொல் வந்துவிடும். “கேஸ் சரிவந்து ரெண்டு வருஷத்துக்குப் பிறகுதான் லாண்டட் கிடைச்சது”, “லாண்டட் பேப்பர் வந்த உடனே அம்மாவுக்கு ஸ்பொன்சர் போட்டன்.” அண்மையில் மாணவர் விசாவில் வந்த பிள்ளைகளுக்கு இந்தச் சொல் விளங்காது. அவர்கள் ‘பி.ஆர்.’ என்பார்கள், ‘பர்மனென்ட் ரெசிடென்ட்’ என்பதன் சுருக்கம். இரண்டும் ஒன்றுதான்: குடியுரிமை எடுக்காமலே கனடாவில் நிலையாக வாழும் உரிமை.

இதைத் தமிழில் எழுதும்போதுதான் சிக்கல். பலர் ‘நிரந்தரக் குடியுரிமை’ என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அமெரிக்காவின் கிரீன் கார்டுக்கும் இதே சொல்தான் ஓடுகிறது. அது பிழை. சின்னப் பிழையும் அல்ல. அந்தச் சொல்லை நம்பி ஒருவர் நான்கு வருடம் ஊரில் போய் இருந்துவிட்டு வந்தால், கையில் ‘நிரந்தரமும்’ இருக்காது, ‘குடியுரிமையும்’ இருக்காது.

முதலில் ‘லாண்டட்’டைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் லாண்ட் என்றால் நிலம். வினையாக வந்தால் கரையிறங்குவது. கப்பலில் மட்டும் ஆட்கள் வந்த காலத்துச் சொல். ஆனால் கனடாவின் சட்டம் இந்தச் சாதாரணச் சொல்லுக்கு 1910லேயே ஒரு தனிப் பொருளைக் கொடுத்துவிட்டது. குடிவரவு அதிகாரி ஒருவரைக் குடியேறியாக முறைப்படி ஏற்றுக்கொண்டால்தான் அவர் ‘கரையிறங்கியவர்’. மருத்துவச் சோதனைக்காகவோ விசாரணைக்காகவோ இறக்கப்பட்டவர் துறைமுகத்து மண்ணில் நின்றாலும், சட்டத்தின் கண்ணில் இன்னும் கடலில்தான் நிற்கிறார். கால் பட்டால் போதாது, கையெழுத்து விழ வேண்டும்.

இந்த வேறுபாடு 1914இல் வன்கூவர் துறைமுகத்தில் கண்முன்னே நடந்தது. ஹொங்கொங்கிலிருந்து புறப்பட்ட கோமகாட்டா மாரு என்ற கப்பலில் 376 இந்தியர்கள் வந்திருந்தார்கள். பெரும்பாலோர் பஞ்சாபிகள். இந்தியர்கள் வழியில் எங்கும் நில்லாமல் ஒரே பயணமாக வர வேண்டும், கையில் ஆளுக்கு 200 டொலர் காட்ட வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. இந்தியாவிலிருந்து அப்படி நேராக வரக் கப்பலே கிடையாது. விதியை எழுதியவர்களுக்கும் அது தெரியும். ஏற்கெனவே கனடாவில் குடியிருந்து திரும்பியவர்கள் சுமார் 20 பேரைத் தவிர மற்றவர்களை இறங்க விடவில்லை. கண்ணுக்கெட்டிய தூரத்தில் கரை. இரண்டு மாதம் கப்பலிலேயே இருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

நம்மவர்களின் கதையும் கரையில்தான் தொடங்குகிறது. 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத்தமிழரை அங்குள்ள மீனவர்கள் மீட்டுக் கரைசேர்த்தார்கள். கரைசேர்ந்தது உண்மை. ஆனால் அன்றைக்கு அவர்களுக்குக் கிடைத்தது அமைச்சரின் தற்காலிக அனுமதிதான், லாண்டட் இல்லை. தமிழில் இதை அழகாகப் பிரித்துச் சொல்லலாம்: கரைசேர்வது வேறு, கரையேறுவது வேறு. “பிள்ளைகள் எல்லாம் கரையேறிட்டினம்” என்று ஊரில் சொல்லும்போது யாரும் கடலை நினைப்பதில்லை. இனிப் பயமில்லை என்ற பொருளில்தான் சொல்கிறோம். ‘லாண்டட்’ என்ற சொல்லை நம் ஆட்கள் அவ்வளவு விரும்பிப் பிடித்துக்கொண்டதற்கு இதுவும் காரணமாக இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

1976ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இன்றைய ‘பர்மனென்ட் ரெசிடென்ட்’ இருந்தது. ஆனால் அவர் யார் என்று கேட்டால், லாண்டிங் அளிக்கப்பட்டவர் என்று சட்டம் பதில் சொன்னது. அதனால் மக்கள் பழைய சொல்லையே பிடித்துக்கொண்டார்கள். 2002 ஜூன் 28இல் புதிய குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த அந்தஸ்தின் பெயராக இருந்த ‘லாண்டிங்’ சட்டத்திலிருந்து இறங்கிப் போனது. மடித்துப் பாதுகாத்த நீளக் கடதாசிக்குப் பதிலாக பிளாஸ்டிக் அட்டை வந்தது. 2003 டிசம்பர் 31க்குப் பிறகு, வெளிநாடு போனவர்கள் திரும்ப விமானம் ஏற அந்த அட்டையைக் காட்டியாக வேண்டும் என்றார்கள். அதுவரை லாண்டட் பேப்பரை மட்டும் பத்திரமாக வைத்திருந்தவர்கள் படமெடுக்க ஸ்டூடியோவுக்கு ஓடியது அப்போதுதான்.

புதிய பெயரின் இரண்டு சொற்களும் இலத்தீனிலிருந்து வந்தவை. ‘பர்மனென்ட்’ என்பதில் இருக்கும் வேர் ‘மனேரே’, தங்கியிருத்தல். முன்னால் உள்ள ‘பெர்’ கடைசிவரை என்ற பொருளைத் தருகிறது. ‘ரெசிடென்ட்’ இன்னும் சுவையானது. அதன் உள்ளே இருப்பது ‘செதேரே’, அதாவது உட்காருதல். ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டவர்தான் ரெசிடென்ட். தமிழிலும் இதே தடம் உண்டு. ‘இரு’ என்றால் உட்கார், ‘எங்கே இருக்கிறீர்கள்?’ என்றால் எங்கே குடியிருக்கிறீர்கள். ‘இருக்கை’ என்றால் இன்றைக்கு நாற்காலி, பழந்தமிழில் உறைவிடமும் அதுதான்.

சரி, தமிழில் எந்தச் சொல்? ஊருக்கு ஒன்றாக இருக்கிறது. சிங்கப்பூரில் ‘நிரந்தரவாசி’ என்று செய்தியிலும் அரசு அறிவிப்பிலும் ஒரே சீராக எழுதுகிறார்கள். ஆளைக் குறிக்க நல்ல சொல். உரிமையைக் குறிக்க ‘நிரந்தரவாசத் தகுதி’ என்று நீட்ட வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் கவனமாக எழுதுபவர்கள் ‘நிரந்தர வசிப்புரிமை’ என்கிறார்கள். இலங்கையில் அரசுப் படிவங்களிலேயே ‘வதிவிடம்’, ‘வதிவிட விசா’ என்று புழங்குவதால், கனடாத் தமிழர் பத்திரிகைகளில் ‘நிரந்தர வதிவிட உரிமை’ இயல்பாக வந்து சேர்ந்தது.

‘வதி’ பழைய வினை. சங்கப் பாடல்களில் பறவைகள் வதியும், விலங்குகள் துணையோடு வதியும். தங்குவது, இளைப்பாறுவது என்பதுதான் பொருள். திருக்குறளில் ‘வானுறையும் தெய்வம்’ என்று வரும் ‘உறை’க்கு இது பக்கத்து வீட்டுக்காரர். ஆனால் ‘உறை’யில் நிலைபேறு கூடுதல், தெய்வம் வானை விட்டுப் போகப்போவதில்லை. வதியும் பறவை விடிந்தால் பறக்கலாம். கனடாச் சட்டம் தரும் உரிமை இந்தப் பறவையின் உரிமைதான். அதனால் நான் ‘வதிவுரிமை’ என்று சுருக்கி எழுதுகிறேன். ‘வதிவிட உரிமை’ என்றால் ஏதோ வீட்டு உறுதிப் பத்திரம் மாதிரியும் ஒலிக்கிறது. ஆளைச் சொல்ல ‘வதிவாளர்’.

முன்னால் ஒட்டியிருக்கும் ‘நிரந்தர’ வடசொல். நிர், அந்தரம்: இடைவெளி இல்லாதது. வேடிக்கை என்னவென்றால், சட்டம் இடைவெளியை அனுமதிக்கிறது, எண்ணியும் வைத்திருக்கிறது. ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்தால் போதும். மிச்ச மூன்று வருடமும் எங்கே இருந்தாலும் கேள்வி இல்லை. 2002க்கு முந்தைய விதி வேறு மாதிரி. பன்னிரண்டு மாதத்தில் 183 நாளுக்கு மேல் வெளியே இருந்தால், நாட்டைக் கைவிட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. அம்மாவுக்குச் சுகமில்லை என்று போய் ஏழு மாதம் நின்றவர்கள் விமான நிலையத்தில் பட்ட பாடு அந்தக் கால ஆட்களுக்குத் தெரியும். இந்தக் கணக்கைத் தமிழில் ‘வதிவுக் கடப்பாடு’ எனலாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அட்டை வழக்கமாக ஐந்து வருடத்தில் காலாவதியாகும்; உரிமை அதோடு காலாவதியாகாது. 50 டொலர் கட்டிப் புதிய அட்டை எடுக்கலாம். அதிகாரி ஒருவர் முறைப்படி தீர்மானித்தாலோ, நாடுகடத்தும் உத்தரவு நடைமுறைக்கு வந்தாலோ, நாமே எழுதிக் கைவிட்டாலோ, குடிமக்கள் ஆகிவிட்டாலோதான் வதிவுரிமை போகும்.

அகதியாக வந்தவர்களுக்கு மட்டும் இதில் ஒரு பள்ளம் உண்டு. 2012 டிசம்பர் 15 முதல், பாதுகாப்புப் பெற்ற ஒருவர் தானாக விரும்பித் தன் பழைய நாட்டின் பாதுகாப்பை மறுபடி நாடினார் என்று தீர்ப்பானால், அகதி அந்தஸ்தோடு வதிவுரிமையும் சேர்ந்து போகும். ஊர்க் கடவுச்சீட்டைப் புதுப்பித்து, அதிலேயே ஊருக்குப் போய்த் திரும்புவது அப்படியொரு வழக்கைத் தொடங்கப் போதுமானது. ‘நிரந்தரக் குடியுரிமை இருக்கிறதே’ என்று நினைத்துக் கல்யாண வீட்டுக்குப் போகிறவருக்கு அந்தச் சொல் செய்யும் துரோகம் இது. குடியுரிமை எடுத்தவருக்கு இந்த விதி பொருந்தாது. வதிவுரிமை மட்டும் உள்ளவருக்குப் பொருந்தும்.

குடியுரிமைக்கும் வதிவுக்கும் உள்ள தூரத்தை இலங்கைத் தமிழருக்கு அகராதி வைத்து விளக்கத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களைத் தலைமுறைகளாக வதிந்த மண்ணிலேயே நாடற்றவர்கள் ஆக்கியது. வதிவு இருந்தது, குடியுரிமை இல்லை. கனடாவில் அந்தக் கொடுமை இல்லை. வதிவாளர் எந்த மாகாணத்திலும் வாழலாம், வேலை செய்யலாம், படிக்கலாம். ஆனால் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க முடியாது, கனடாக் கடவுச்சீட்டு எடுக்க முடியாது, பாரிய குற்றத்துக்குத் தண்டனை பெற்றால் நாடுகடத்தப்படலாம். ஐந்து வருடத்தில் 1,095 நாள் உடலோடு இங்கே இருந்து, விண்ணப்பித்து, உறுதிமொழி எடுத்தால்தான் ‘குடி’.

அப்புறம் கட்டணம். இந்தச் சொல்லின் பொருளைக் கட்டணத்தின் பெயரே காட்டிக்கொடுக்கிறது. 1995 பெப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் ‘லாண்டிங் உரிமைக் கட்டணம்’ என்ற ஒன்றை நிதியமைச்சர் போல் மார்ட்டின் கொண்டுவந்தார். வளர்ந்தவர் ஒருவருக்கு 975 டொலர். கணவன், மனைவி என்றால் 1,950. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் கட்டணம் இதில் சேராது, அது தனி. அகதிகளுக்கும் விலக்கு இல்லை. கிச்சினில் கோப்பை கழுவி ஏஜென்சிக் கடனை அடைத்துக்கொண்டிருந்தவர்கள் இதையும் சேர்த்துக் கட்டினார்கள். அகதிகளுக்கு இது நீக்கப்பட்டது 2000 பெப்ரவரியில்தான்.

எதிர்த்தவர்கள் இதைத் ‘தலைவரி’ என்றார்கள். கனடாவில் அந்தச் சொல்லுக்குப் பழைய ரணம் உண்டு. சீனர்கள் நாட்டுக்குள் வர 1885இல் ஆளுக்கு 50 டொலர், 1900இல் 100, 1903இல் 500 என்று ஏற்றிக்கொண்டே போய், 1923இல் வரியை நிறுத்திச் சீனர்களின் வருகையையே ஏறக்குறைய முழுதாக நிறுத்தினார்கள். இரண்டும் ஒன்றல்ல. 975 டொலர் எல்லா நாட்டவருக்கும் பொது. சீனரின் வரி இனம் பார்த்து விதித்தது. ஆனாலும் இந்த ஒப்பீடு உறுத்தியது. 2006 மே மாதம் கட்டணம் 490 ஆகக் குறைந்தது. அடுத்த மாதமே, ஜூன் 22இல், தலைவரிக்காகப் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

புதிய சட்டத்தோடு கட்டணத்தின் பெயரும் ‘நிரந்தர வதிவுரிமைக் கட்டணம்’ என்று மாறியிருந்தது. 2020 ஏப்ரலில் 500, 2022இல் 515, 2024 ஏப்ரல் 30இல் 575. இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விலைவாசியைப் பார்த்து ஏற்றுகிறார்கள். திறன் அடிப்படையில் விண்ணப்பிப்பவர் 2024 கணக்கில் பரிசீலனைக்கு 950, உரிமைக்கு 575, ஆக 1,525 டொலர் கட்டினார். சார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உரிமைக் கட்டணம் இல்லை.

இந்த இரண்டையும் ‘ஃபீஸ்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். வேறுபாடு தெரிவது விண்ணப்பம் நிராகரிக்கப்படும்போதுதான். 950 திரும்பி வராது. அது கோப்பைப் பார்த்ததற்கான கூலி. 575 திரும்பி வரும். அது உரிமைக்கு வைத்த விலை, உரிமை கொடுக்கவில்லை என்றால் விலையை வைத்திருக்க முடியாது. ஆகவே முன்னதைப் ‘பரிசீலனைக் கட்டணம்’ என்றும் பின்னதை ‘வதிவுரிமைக் கட்டணம்’ என்றும் பிரித்து எழுதினால், பணத்தைத் திருப்பிக் கேட்கும் நாளில் எதைக் கேட்பது என்பதாவது தெளிவாக இருக்கும்.

‘லாண்டட்’ முழுதாகச் செத்துவிடவில்லை. முதலில் வந்தவர்களுக்கு இப்போது 65 வயது ஆகிக்கொண்டிருக்கிறது. முதியோர் ஓய்வூதியத்துக்கு 18 வயதுக்குப் பிறகு குறைந்தது 10 வருடம் கனடாவில் வதிந்திருக்க வேண்டும். முழுத்தொகைக்கு 40 வருடம். எப்போது வந்தீர்கள், எந்த நாளில் ஏற்றுக்கொள்ளப்பட்டீர்கள் என்று படிவம் கேட்கிறது. அப்போது அலுமாரியின் அடித்தட்டில், சாதகக் குறிப்புக்கும் கல்யாணப் பதிவுக்கும் இடையில், மடிப்பில் கிழியத் தொடங்கிய அந்தக் கடதாசியைத் தேடுகிறார்கள். “லாண்டட் பேப்பரை எங்கையப்பா வைச்சனீங்கள்?” என்று மகள் கேட்கிறாள். அவளுடைய கைப்பையில் இருப்பது கனடாக் கடவுச்சீட்டு.