பிறழ்கூற்று

திருகோணமலைக் கடைத்தெருவில் 'ஓடிட் வந்திருக்கு' என்றால் மேசை லாச்சிகள் உடனே ஒழுங்காகிவிடும். ஓடிட்டுக்கு மூலமான இலத்தீன் வினைக்குக் 'கேட்டல்' என்று பொருள். கணக்கை ஒருவர் வாசிக்க, மற்றவர் காதால் கேட்டுச் சரிபார்த்த காலத்துச் சொல் அது. தமிழகத்தில் அதைத் தணிக்கை என்பார்கள். நமக்குத் தணிக்கை என்றால் பத்திரிகைச் செய்தியை வெட்டுவது, கணக்குக்குக் கணக்காய்வு. கீரை ஆய்கிற அதே ஆய்தல்தான்: இலை இலையாகப் பார்த்து, பழுத்ததைக் கிள்ளிப் போடுவது.

ஆய்ந்து தேடுவது எதை? 'பொருண்மையான பிறழ்கூற்று' என்று அறிக்கைகளில் வரும். பிழை தெரியாமல் நடப்பது. மோசடி தெரிந்தே செய்வது. எதனால் வந்தாலும், கணக்கு சொல்வது உண்மையிலிருந்து விலகினால் அது பிறழ்கூற்று. பிறழ்தல் என்றால் நெறி விலகல், இடம் மாறல். பழம்பாட்டுகளில் கயலும் பிறழும்: நீருக்குள் மீன் புரளும்போது வயிறு ஒரு கணம் வெள்ளியாய் மின்னுமே, அது. (கூற்றுக்கு யமன் என்றும் ஒரு பொருள் உண்டு. கணக்குப்பிள்ளைகளிடம் சொல்லவேண்டாம்.)

பயிலுநராக இருந்த காலத்தில் அப்படி ஒன்று மின்னக் கண்டேன். ஒரு கருவாட்டு மொத்த வியாபாரம், பெயர் வேண்டாம். ஆண்டு முடிவு மார்ச் 31. அன்றைய திகதியில் பெரிய பில் ஐந்து, இலக்கங்களும் வரிசை பிசகாமல். லொறிச் சிட்டையை எடுத்துப் பார்த்தால் சரக்கு ஏப்ரல் 4இல்தான் ஏறியிருக்கிறது. காசு ஒன்றும் களவு போகவில்லை; வருகிற ஆண்டின் விற்பனையை முன்னுக்கு இழுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு பில் என்றால் பிழை என்று விடலாம். ஐந்தும் லாபத்தின் பக்கமே சாய்ந்திருந்தன.

வருமானப் பதிவில் மோசடி இடர் உண்டென்ற எடுகோளோடுதான் வேலையைத் தொடங்கவேண்டும் என்கிறது இலங்கைக் கணக்காய்வு நியமம் 240. கட்டுப்பாடுகளை முகாமையே மீறும் இடர் எந்த நிறுவனத்துக்கும் உண்டு என்றும் சொல்கிறது. மோசடிக்கான காரணிகளை அழுத்தம், வாய்ப்பு, நியாயப்படுத்தல் என்று மூன்றாகப் பிரிக்கிறது. அந்த வருடம் வங்கிக் கடன் புதுப்பிக்க இருந்தது. பில் புத்தகம் முதலாளியின் கையில். கேட்டதற்கு அவர் சொன்னது: "எப்படியும் விக்கத்தானே போறம், தம்பி?"

பொருண்மை என்பது வெறும் பெரிய தொகை அல்ல. கணக்கை நம்பி முடிவெடுப்பவரின் முடிவை மாற்றக்கூடிய அளவு. அந்த ஐந்து பில்லையும் கழித்தபோது லாபம் நட்டமாயிற்று.