லேக் என்றால் சுணக்கம்

"அண்ணா, லேக் அடிக்குதுண்ணா."

தருமபுரி நாலு ரோட்டுப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கேம் ஆடுகிற பையன்கள் வந்தால் பெரும்பாலும் இந்த வாக்கியத்தோடுதான் வருவார்கள். ஆனால் இதை மட்டும் வைத்து என்ன கோளாறு என்று உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. நெட் மெதுவாக வந்தாலும் லேக், படம் விட்டுவிட்டு ஓடினாலும் லேக், சிஸ்டமே அசையாமல் நின்றுபோனாலும் சிலருக்கு லேக்.

போன மே மாதம் பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரிப் பையன் சிபியுவைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். தக்காளி மண்டியில் கூடை ஏற்றிச் சேர்த்த கூலியில் புதிதாக 8 ஜிபி ராம் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்) வாங்கிப் போட்டிருக்கிறான். "லேக் அடிக்குது" என்று இவன் சொல்ல, "ராம் போட்டா சரியாயிடும்" என்று எங்கோ ஒரு கடையில் விற்றுவிட்டார்கள். லேக் போகவில்லை. என் கடை நெட் லைனில் அரை மணி நேரம் ஆடவிட்டுப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு ஓடியது. வீட்டுக்குப் போய் பிங் (நெட்டில் ஒரு சிறு செய்தி போய்த் திரும்பும் நேரத்தைக் காட்டும் நிரல்) ஓட்டி, திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ராத்திரி படம் வந்தது. கறுப்புத் திரையில் வரிசையாக, மில்லி செகண்டில் (செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 48, 52, 47, 390, 61, அடுத்த வரியில் பதிலே இல்லை, மறுபடி 55. அவன் வீட்டுக்கும் டவருக்கும் நடுவில் ஒரு கரடு, அதாவது சிறு குன்று, நிற்கிறது. போன் ஹாட்ஸ்பாட்டில் ஆடுகிறான். சிக்னலில் இருந்த கோளாறுக்கு ராம் என்ன செய்யும்?

அன்றிலிருந்துதான் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

ஆங்கிலத்தில் லேக் என்ற சொல் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கிறது. முதலில் 'கடைசியாக வருபவன்' என்ற பொருளில் வழங்கி, பிறகு 'வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் பின்னால் வருவது' என்ற வினையாக நிலைத்தது. வேர் எது என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. மெதுவாகப் போவதைக் குறிக்கும் நார்வே மொழிச் சொல் ஒன்றோடு சிலர் சேர்க்கிறார்கள். இன்னொரு கருத்து எனக்கு ரொம்பப் பிடித்தது. இங்கிலாந்தின் வட்டார வழக்கில் சிறுவர்கள் விளையாடும்போது முதல் ஆள், இரண்டாம் ஆள், கடைசி ஆள் என்பதை ஃபாக், செக், லேக் என்று சொல்வார்களாம். அதிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். அது உண்மையானால், விளையாட்டில் பிறந்த சொல் பல நூறு வருடம் சுற்றிவிட்டு மறுபடி விளையாட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

பிங் வேறு கதை. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலி எழுப்பி, அது மோதித் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் அறியும். அந்த ஓசையின் பெயரைத்தான் மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் எழுதிய சிறு நிரலுக்கு வைத்தார். ஒரு தகவல் பொட்டலம் போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்று அது காட்டும். ஓசையின் பெயர் என்பதால் பிங்கை அப்படியே வைத்துக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை. விளக்க வேண்டிய இடத்தில் 'போய்வரும் நேரம்' என்றால் போதும்.

இந்த நேரம் பூஜ்யம் ஆகவே ஆகாது. கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. தருமபுரியிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறத்தாழ 950 கிலோமீட்டர். ஆட்டத்தை நடத்தும் கம்ப்யூட்டரான சர்வர் அங்கே இருந்தால் போய்வரவே 10 மில்லி செகண்ட் வேண்டும். சிங்கப்பூர் என்றால் சுமார் 3,000 கிலோமீட்டர், 30 மில்லி செகண்ட். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் தகவலைத் திருப்பிவிடும் ஒவ்வொரு ரூட்டரிலும் வரிசையில் நிற்க வேண்டும். அதனால் நிஜத்தில் இதைவிடக் கூடத்தான் காட்டும். அது நிலையாக 60-இலேயே நின்றால் கை பழகிவிடும். 48, 390, 61 என்று குதித்தால்தான் ஆட்டம் கெடுகிறது. நம் திரையில் எதிரி சுவரோரம் நிற்பான், சுட்டால் குண்டு படாது. சர்வரின் கணக்கில் அவன் எப்போதோ சுவருக்குப் பின்னால் போயிருப்பான். நாம் பத்தடி ஓடியிருப்போம், சட்டென்று பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தும்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

'தாமதம்' எல்லோருக்கும் தெரிந்த சொல். வடமொழி 'தாமச'த்திலிருந்து வந்தது. அதற்காக நான் அதை ஒதுக்கவில்லை. பஸ் அரை மணி தாமதம் என்றால், வந்த பிறகு அது ஒழுங்காக ஓடும். லேக் அப்படி இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இழுபடுவதுதான் லேக்.

'பின்தங்கல்' பொருளில் மிக நெருக்கமானது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில், மின்தூண்டிச் சுற்றில் மின்னோட்டம் மின்னழுத்தத்தைவிட 90 டிகிரி பின்தங்கும் என்று படித்திருப்போம். அங்கேயும் ஆங்கிலச் சொல் லேக்தான். ஆனாலும் எனக்கு வாய் வரவில்லை. 1965-இல் மாவட்டமான நாளிலிருந்து எத்தனை முறை எங்கள் ஊர்ப் பெயருக்கு முன்னால் 'பின்தங்கிய' என்று ஒட்டியிருக்கிறார்கள்! சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டே வளர்ந்தவன், ஆசையாக ஆடுகிற ஆட்டத்துக்கும் அதையே வைக்க விரும்பவில்லை.

என் தேர்வு 'சுணக்கம்'. சுணங்குதல் என்பதற்குச் சோர்தல், தாமதித்தல் என்று இரண்டு பொருளும் உண்டு. காய்ச்சல் கண்ட பிள்ளையை "சுணங்கிக் கிடக்குது" என்பார்கள். 'பணியில் சுணக்கம்' என்று செய்தித்தாளில் தினமும் வருகிறது. யாழ்ப்பாணத்தில் இது இன்னும் அன்றாடச் சொல், நேரம் கழித்து வந்தவனை "ஏன் சுணங்கினனீ?" என்றே கேட்பார்கள். உயிரோடு இருக்கிறது, ஆனால் வேகம் இல்லை என்ற இரண்டையும் இந்த ஒரு சொல் சேர்த்துச் சொல்கிறது. நெட்டும் அப்படித்தானே, அறுந்துபோகவில்லை, சுணங்குகிறது. (சங்கப் பாடல்களில் பெண்களின் மேனியில் படர்வதாக வரும் 'சுணங்கு' வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசும் வீடுகளில் நேரமாகிவிட்டால் "தட ஆய்த்து" என்பார்கள். நம் தடு, தடை என்பவற்றின் உறவுச் சொல்தான் அந்தத் தட. அங்கே தடைபட்டதால் நேரமாகிறது, இங்கே சோர்ந்ததால் நேரமாகிறது. லேக்குக்குச் சோர்வுதான் பொருந்தும்.

மற்ற இரண்டு கோளாறுகளையும் இதிலிருந்து பிரித்தே ஆக வேண்டும். திரையில் செகண்டுக்கு 60 படம் வந்தால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 16.7 மில்லி செகண்ட்தான் அவகாசம். கிராபிக்ஸ் கார்டோ பிராசசரோ அதற்குள் முடிக்காவிட்டால் படம் தாவித் தாவி வரும். இதை 'திக்குது' என்று சொல்லலாம், பேச்சு திக்குவதும் இதே மாதிரிதான். பிங் 40-இல் இருக்கும்போதும் ஆட்டம் திக்கலாம். கோடையில் இப்படி வருகிற லேப்டாப்களைத் திறந்தால் பாதிக்குமேல் தூசிதான். விசிறிக்கு அந்தப் பக்கம், சூடு வெளியேறும் தகடுகளின் இடுக்கில் கம்பளித் துணி மாதிரி படிந்து கிடக்கும். சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துவிடும். துடைத்து, பிராசசர் மேல் சூடு கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எதுவுமே அசையாமல் நின்றால் அது ஹேங். அதன் நேர்ப்பொருள் தொங்குதல், ஆனால் "சிஸ்டம் தொங்குது" என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் வேண்டாம். 'உறைஞ்சுடுச்சு' போதும். நெய் உறைவதைப் பார்த்த எவருக்கும் புரியும்.

இதில் ஒன்றைக் கவனித்தபோது சந்தோஷமாக இருந்தது. பையன்கள் 'லேக் அடிக்குது' என்கிறார்கள், ஆனால் 'ஹேங் அடிக்குது' என்று ஒருவன்கூடச் சொல்லிக் கேட்டதில்லை, 'ஹேங் ஆயிடுச்சு'தான். வெயில் அடிக்கும், காற்று அடிக்கும், காய்ச்சல் அடிக்கும். வெளியிலிருந்து வந்து நம்மைத் தாக்குவதற்குத் தமிழ் 'அடி' போடும். ஒரு பொருள் தன் நிலை மாறினால் 'ஆகு' போடும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே, லேக் வெளியிலிருந்து வருவது, ஹேங் சிஸ்டத்துக்குள் நடப்பது என்று வாய் தானாகப் பிரித்துவைத்திருக்கிறது. பாலக்கோட்டுப் பையனும் 'அடிக்குது' என்றுதான் சொன்னான். அதைக் காதில் வாங்கியிருந்தால் அந்தக் கடைக்காரர் நெட்டையும் ஒரு முறை பார்த்திருப்பார்.

'சுணக்கம் அடிக்குது' என்று சொல்ல வேண்டியதில்லை, சுணங்கு என்பதே வினை. "நெட் சுணங்குது", "பிங் ஏறுது, ரொம்ப சுணக்கமா இருக்குது", "சுணக்கமில்லாத லைன் வேணும்" என்றெல்லாம் இயல்பாக வரும். கடை பில்லில் கோளாறு எழுதும் கட்டத்தில் இப்போது 'நெட் சுணக்கம்', 'படம் திக்கல்', 'உறைதல்' என்று மூன்றாகப் பிரித்து எழுதுகிறேன். எது என்று வந்தவனிடமே கேட்கிறேன், அவனே யோசித்துச் சொல்லிவிடுகிறான்.